குஃப்ரி ஜோதி: நீலகிரியிலும் ஓசூரிலும்

1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி உருளைக்கிழங்கு ரகத்தை நீலகிரியிலும் போடுகிறார்கள், கீழே ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் போடுகிறார்கள். மலையில் இதைக் கெடுப்பது ஈரம். சமவெளியில் வெப்பம்.

இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் செடி தழைக்கும், கிழங்கு பிடிக்காது. நீலகிரிக்கு இந்தக் கவலை இல்லை. வருடத்தில் மூன்று போகம்கூடப் போடலாம். சமவெளியில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் பாதிக்குள் நட்டாக வேண்டும். தள்ளிப்போனால், கிழங்கு பருக்கும் நேரத்தில் வெயில் ஏறிவிடும்.

மலை மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சூப்பர் பாஸ்பேட்டைப் பரவலாக வீசாமல், பாரில் (மண்ணை உயர்த்திய வரிசையில்) விதைக்கிழங்குக்குப் பக்கத்தில் இடுவதே பலன் தரும். கீழே காரத்தன்மையுள்ள மண்ணாக இருந்தால் சாம்பலோ சுண்ணாம்போ போடவே கூடாது. கிழங்கில் சொறி வரும். ஜோதிக்கு வெடிக்கும் குணமும் உண்டு. காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினால் தோல் பிளக்கும். பார் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நனையும்படி, 7–10 நாளுக்கு ஒருமுறை அளவாகப் பாய்ச்ச வேண்டும்.

பின்பருவ இலைக்கருகலைத் தாங்கும் ரகம் என்ற பெயர் ஜோதிக்கு இருந்தது. இன்று அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மூடுபனிக் காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: நீர் கோத்த புள்ளியைச் சுற்றி வெள்ளைப் பூசணம் தெரிந்தால், மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லிக்கான நேரம் கடந்துவிட்டது. லிட்டருக்கு 2 கிராம் வீதம் அதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும்.

விதையில்தான் பெரிய தவறு நடக்கிறது. நச்சுயிரி (வைரஸ்) நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி மலையில் குறைவு, அதனால் அந்த நோயும் குறைவு. ஆகவே மலை விதையே நல்ல விதை என்பது பழைய கணக்கு. ஆனால் 1961-இல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் குண்டூசித் தலையளவு மஞ்சள் மணிகளாகத் தெரியும் அந்தக் கூடுகளுக்குள் முட்டைகள் பல வருடம் உயிரோடு இருக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணே போதும், உங்கள் நிலத்துக்கு வந்துவிடும். நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருப்பது இதனால்தான்.

சமவெளிக்குப் பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்துச் சான்று விதையே சரி. குளிர்கிடங்கிலிருந்து எடுத்ததும் நடாதீர்கள், அழுகும். நிழலில் 10–15 நாள் பரப்பி, முளை ஒரு சென்டிமீட்டர் வந்தபின் நடுங்கள். 40–50 கிராம் முழுக்கிழங்காக இருக்கட்டும். சூடான மண்ணில் வெட்டிய துண்டு தாங்காது.