மான் மண்டை ஓட்டை சுத்தம் பண்ண எது நல்லது: வேகவைக்கிறதா, ஊறப்போடுறதா, வண்டுக்கு விடுறதா?

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல நவம்பர் 15ல இருந்து 30 வரைக்கும் மான் வேட்டைக்கு துப்பாக்கி சீசன், அது முடிஞ்ச கையோட வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். கொம்போட ஒரு தலை கெடச்சிருக்கு, இதை சுவத்துல மாட்டுற மாதிரி வெள்ளை மண்டை ஓடா எப்படி ஆக்குறது? தோலோட பாடம் பண்ணி வைக்கிறதுக்கு ஆகுற செலவும் காத்திருப்பும் இதுக்கு கிடையாது, இடமும் கம்மியாத்தான் அடைக்கும். யூரோப்பியன் மவுன்ட்னு சொல்லுவாங்க, ஜெர்மனி ஆஸ்திரியா பக்கம் ரோ மான்ங்கற சின்ன வகை மானோட கொம்பை மண்டை ஓட்டோட சின்ன மரப்பலகையில வச்சு வரிசையா மாட்டுற பழக்கம் ரொம்ப காலமா இருக்கு.

சுத்தம் பண்ற வழின்னு பார்த்தா வேகவைக்கிறது, தண்ணில ஊறப்போட்டு அழுகவிடுறது, வண்டுக்கு விடுறது, மண்ணுல புதைக்கிறதுன்னு நாலு இருக்கு. எல்லாரும் இதுல எது சதையை சீக்கிரம் எடுக்கும்னுதான் பேசுறாங்க. என்னைக் கேட்டா சதை ஒரு பிரச்சினையே இல்ல, எந்த வழியில போனாலும் அது போயிடும். எலும்புக்குள்ள இருக்குற கொழுப்புதான் விஷயமே. முதல் மாசம் எல்லா மண்டை ஓடும் வெள்ளையாத்தான் இருக்கும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மஞ்சத் திட்டு வரும், தொட்டா கையில பிசுக்குன்னு ஒட்டும், தூசி அப்பிக்கும், வெயில் நேரத்துல ஒரு மக்கின எண்ணெய் வாடை வேற வரும். அதனால ஒவ்வொரு வழியையும் அது கொழுப்பை என்ன பண்ணுது, மெல்லிய எலும்பை என்ன பண்ணுதுங்கற ரெண்டையும் வச்சுத்தான் பார்க்கணும்.

முதல்ல வேகவைக்கிறது, ஏன்னா பெரும்பாலானவங்க அதைத்தான் பண்றாங்க. தோலை உரிச்சு, கண்ணு நாக்கு எடுத்து, கீழ்த்தாடையைக் கழட்டி, பின்னாடி இருக்குற ஓட்டை வழியா ஒரு வளைஞ்ச கம்பியும் தண்ணி பைப்பும் வச்சு மூளையை எடுத்துட்டு பெரிய பாத்திரத்துல போடுவாங்க. இதுல பெரிய தப்பு என்னன்னா தண்ணி தளதளன்னு கொதிக்கிறது. கொதிக்கவே கூடாது, லேசா ஆவி வரணும், அடியில இருந்து ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா போதும், 80 டிகிரி செல்சியஸ் சுத்தி இருந்தா சரி. கொதிச்சா உருகுன கொழுப்பு எலும்புத் துளைக்குள்ள இறங்கி உக்காந்துக்கும், அப்புறம் அதை வெளிய கொண்டு வர்றது பெரும்பாடு. பல்லு வெடிக்கும். வயசு கம்மியான மானா இருந்தா மண்டை எலும்பு சேர்ற தையல் கோடெல்லாம் விட்டுக்கொடுத்து தனித்தனி துண்டா கையில வரும்.

மூக்கு ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. காகிதம் மாதிரி மெல்லிசா, சுருள் சுருளா ஒரு எலும்பு இருக்கும், மான் மோப்பம் பிடிக்கிற இடமே அதுதான். வேகவச்ச மண்டை ஓட்டுல அது பாதி கரைஞ்சு பாதி உடைஞ்சு போயிருக்கும், மிச்சம் இருக்கறதும் பிரஷர் வாஷர் அடிக்கிறப்ப தண்ணியோட பறந்துடும். நெறைய பேர் அது இல்லாமலே மாட்டிடுவாங்க, தூரத்துல இருந்து பார்த்தா தெரியாதுதான். ஆனா அது முழுசா இருக்குற ஒரு மண்டை ஓட்டை ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பார்த்தீங்கன்னா வேகவச்சதை மறுபடி பார்க்க மனசு வராது.

வேகவைக்கிறதுல நல்லதும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஒரே நாள்ல வேலை முடியும். தண்ணில ஒரு கைப்பிடி வாஷிங் சோடா போட்டா சதை கொழகொழன்னு ஆகி சுரண்ட வரும், ஆனா ரொம்ப நேரம் விட்டா சோடா எலும்பையும் சேர்த்து அரிக்கும், அதனால முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து சுரண்டிட்டு தண்ணியை மாத்தணும், மேல மிதக்கிற கொழுப்புப் படலத்தை அதுக்கு முன்னாடியே அள்ளி எடுத்துடணும். கொம்பு அடிப்பாகத்துல அலுமினிய ஃபாயில் சுத்தி தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி வைக்கணும். சூடான மண்டை ஓட்டை எடுத்து உடனே பச்சைத் தண்ணில போடக்கூடாது, பல்லு விரிசல் விடும், தானா ஆறட்டும்.

அவசரம்னா அதுக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. சிடபிள்யூடின்னு மானுக்கு வர்ற மூளை நோய், 1967ல கொலராடோவுல முதல்ல கவனிச்சது, மிச்சிகன் காட்டு மான்ல 2015ல கண்டுபிடிச்சாங்க. அதனால பல மாநிலத்துக்குள்ள மூளையோட தலையைக் கொண்டு போக முடியாது, மூளையும் சதையும் இல்லாத சுத்தமான மண்டை ஓடுன்னா விடுவாங்க. வேற மாநிலத்துல வேட்டையாடிட்டு மறுநாள் வண்டியில திரும்புறவங்களுக்கு அங்கேயே வேகவைக்கிறதைத் தவிர வேற வழி இல்ல. ஆனா ஒண்ணு, அந்த நோயைக் கொண்டு வர்ற பிரியான்ங்கற கெட்டுப்போன புரதம் கொதிக்க வச்சாலும் சாகாது, பெராக்ஸைடுக்கும் சாகாது. நோய் இருக்குற ஏரியான்னா டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் தலையை ஃப்ரீசர்லயே வைங்க, கையில க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க, மூளை கழுவுன தண்ணியை வயல்ல காட்டுல ஊத்தாதீங்க.

அடுத்தது ஊறப்போடுறது. வீட்டுல ஒண்ணு ரெண்டு தலை பண்றவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான், நாத்தம் தாங்க முடியும்னா. மூடி இருக்குற பிளாஸ்டிக் வாளி, சாதாரண தண்ணி, ஃபிஷ் டேங்க் ஹீட்டர் ஒண்ணு, அவ்வளவுதான் சாமான். தண்ணி 30ல இருந்து 35 டிகிரி இருந்தா பாக்டீரியா சதையை முழுசா தின்னுடும், மானுக்கு ரெண்டு மூணு வாரம் போதும், ஹீட்டர் இல்லாம டிசம்பர் மாச கராஜ்ல வச்சா வசந்தம் வரைக்கும் ஒண்ணும் நடக்காது, தண்ணிதான் உறைஞ்சு வாளி பிளக்கும். பாக்டீரியாவுக்கு எலும்பு மேல ஆசை இல்ல, அதனால மூக்குச் சுருள் அப்படியே நிக்கும், தையல் கோடு தெளிவா தெரியும், கொழுப்புலயும் கொஞ்சம் தானா வெளிய வந்து மேல மிதக்கும். தண்ணியை மாத்துறப்ப மொத்தமா கொட்டாதீங்க, பாதியை மட்டும் மாத்துங்க, மொத்தமா மாத்துனா பாக்டீரியாவும் போயி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கொட்டுறப்ப வடிகட்டி வச்சுத்தான் கொட்டணும். மானுக்கு மேல்தாடையில முன்பல்லே கிடையாது, கீழ்த்தாடையில எட்டு இருக்கும், ஒத்தை வேர், அழுகினதும் கழண்டு அடியில கிடக்கும், வடிகட்டாம ஊத்தினா சாக்கடைக்குப் போயிடும், அப்புறம் எங்க தேடுறது. நாத்தத்தைப் பத்தி பூசி மெழுக விரும்பல, பக்கத்து வீட்டுக்காரர் சுவரும் உங்க சுவரும் ஒட்டி இருந்தா இதை நினைக்கவே வேண்டாம். கொம்போட அடிப்பாகம் வாளித் தண்ணியை உறிஞ்சி கறுக்கும், அங்க க்ளிங் ஃபிலிம் இறுக்கமா சுத்திட்டு தண்ணி மட்டம் அதுக்குக் கீழ இருக்குதான்னு பார்த்துக்கணும்.

வண்டு. டெர்மெஸ்டஸ் மாக்குலேட்டஸ்னு பேரு, சாப்பிடுற வேலையில பெரும்பகுதி அதோட புழுதான் பண்ணும். சிகாகோ ஃபீல்டு மியூசியம் மாதிரி இடங்கள்ல எலும்புக்கூடு சுத்தம் பண்றது இதை வச்சுத்தான், ஏன்னா வெளவால் எலும்பு மாதிரி நூல் கனத்துல இருக்குறதைக்கூட இடம் மாறாம அப்படியே விட்டு சதையை மட்டும் எடுக்கும். தரத்துல இதுக்கு மிஞ்சினது எதுவும் இல்ல. நல்ல பெரிய கூட்டமா இருந்தா ஒரு மான் தலையை ஒரு வாரத்துல முடிச்சுடும். ஆனா ஒரு தலைக்காக வீட்டுல வண்டு வளர்க்குறேன்னு கிளம்பாதீங்க. ஆயிரக்கணக்குல வேணும், 27 டிகிரி சுத்தி சூடு வேணும், வருஷம் பூரா தீனி போடணும், ஈரம் அதிகமானா சிலந்திப்பேன் வந்து கூட்டமே அழியும். வெளிய தப்பிச்சுதுன்னா கம்பளி, தோல் சாமான், ஏற்கெனவே பாடம் பண்ணி மாட்டி வச்சிருக்குற தலை எல்லாத்தையும் தின்னும். வண்டு வச்சு சர்வீஸ் பண்றவங்ககிட்ட குடுக்கிறதுதான் புத்தி. குடுக்கிறதுக்கு முன்னாடி தலைக்கு போராக்ஸ் போடாதீங்க, உப்பு தடவாதீங்க, வண்டு தொடாது, செத்துக்கூடப் போகும். குடுக்கிறப்ப ரெண்டு கேள்வி கண்டிப்பா கேளுங்க. வண்டு முடிச்ச பிறகு ஃப்ரீசர்ல வச்சு முட்டை புழுவைக் கொல்லுவீங்களா? கொழுப்பு எடுப்பீங்களா? ரெண்டாவது கேள்விக்கு வழவழன்னு பதில் வந்தா வேற ஆளைப் பாருங்க, ஏன்னா வண்டு சதையை சாப்பிடும், எலும்புக்குள்ள இருக்குற கொழுப்பை அது ஒண்ணும் பண்ணாது.

புதைக்கிறது பத்தி ரெண்டு வரி போதும். மண்ணு எலும்புல டீ கலர் கறையை ஏத்தும், அது முழுசா போகாது, நாயோ நரியோ தோண்டும், எலி கொம்பைக் கொறிக்கும், பல்லு மண்ணோட போகும். வேண்டாம்.

இப்ப கொழுப்பு. மேல சொன்ன எந்த வழியில வந்தாலும் இந்த வேலையைத் தாண்ட முடியாது. வெதுவெதுப்பான தண்ணி, 45 டிகிரிக்கு மேல போகாம, அதுல நல்லா பாத்திரம் கழுவுற லிக்விட், இங்க எல்லாரும் டான்ங்கற பிராண்டைத்தான் ஊத்துறாங்க, மண்டை ஓட்டை முக்கி வைக்கணும், தண்ணி கலங்கிச்சுன்னா மாத்தணும், மறுபடி கலங்கிச்சுன்னா மறுபடி மாத்தணும். ரெண்டு மூணு நாள் வச்சும் தண்ணி தெளிவா இருந்தா அப்பத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். மானுக்கு சில வாரம். கரடிக்கும் பன்னிக்கும் மாசக்கணக்குல ஆகும், அதுல அவசரப்பட்டா எல்லாம் பாழ். காய வச்சுப் பார்க்கிறப்ப ஈரமா இருக்குற மாதிரி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற திட்டு எங்கயாவது இருந்தா அங்க இன்னும் கொழுப்பு இருக்கு. அசிட்டோன்ல ஊற வச்சா சீக்கிரம் போகும், உண்மைதான், ஆனா ஆவியிலயே தீப்பிடிக்கிற சாமான், வீட்டுக்குள்ள வேண்டாம். வேகவைக்கிறதுல மிச்சம் பண்ணுன ரெண்டு வாரத்தையும் இந்த இடத்துல வட்டியோட திருப்பிக் குடுக்க வேண்டி வரும், அதனாலதான் ஊறப்போடுறது மெதுவான வழின்னு சொல்றதை நான் ஒத்துக்கறதில்ல.

வெளுக்கிறதுக்கு ப்ளீச்சா பெராக்ஸைடாங்கறதுல போட்டியே கிடையாது. எலும்புல மூணுல ஒரு பங்கு கொலாஜன்தான், அதுதான் எலும்பைப் பிடிச்சு வச்சிருக்கு. ப்ளீச் அதைத்தான் சிதைக்கும், கொஞ்ச காலத்துல எலும்பு சுண்ணாம்புக்கட்டியா ஆகி விரல்ல தேய்ச்சா மாவு உதிரும். மருந்துக்கடையில கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடுல முக்கி ஒருநாள் ரெண்டுநாள் வச்சா போதும். கொம்பு இருக்கறதால முக்க முடியாதவங்க சலூன்ல தலைமுடிக்கு போடுற 40 வால்யூம் க்ரீம், அது 12 சதவீதம், அதை பிரஷ்ல தடவி க்ளிங் ஃபிலிம் போட்டு விடுறாங்க, அதுவும் நல்லாத்தான் வருது, க்ளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கணும். பெராக்ஸைடு ஊத்துன டப்பாவை இறுக்கி மூடாதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கும். கொம்புல ஒரு சொட்டுகூட படக்கூடாது, ஏன்னா அந்த பழுப்பு நிறம் மரத்துல உரசி ஏறுனது, மேலோட இருக்கறது, போச்சுன்னா பெயின்ட்தான் அடிக்கணும்.

ரெக்கார்டுக்கு அளக்க குடுக்குறவங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. வேட்டை ரெக்கார்டு வச்சிருக்குற பூன் அண்ட் க்ராக்கெட் க்ளப்ல, 1887ல தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பிச்சது, குறைஞ்சது 60 நாள் சாதாரண அறையில காய்ஞ்ச பிறகுதான் அளப்பாங்க, வேகவச்சிருந்தா அதுல இருந்து எடுத்த நாள்ல இருந்துதான் அந்த 60 ஆரம்பிக்கும். கரடிக்கு கொம்பு இல்லாததால மண்டை ஓட்டோட நீளத்தையும் அகலத்தையும் கூட்டித்தான் மார்க், இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு வரைக்கும் பார்ப்பாங்க, கருங்கரடி ஆல்டைம் லிஸ்ட்டுல ஏற 21 இன்ச் வேணும். அந்த மாதிரி எல்லையில இருக்குற தலையை அடுப்புல வச்சு எலும்பு ஏதாவது உடைஞ்சா மார்க்கே போயிடும், வண்டுகிட்ட குடுத்துடுங்க. காட்டுப்பன்னிக்கு கோரைப்பல்லை முதல்லயே கழட்டி மெதுவா காய விடணும், உள்ள வெறும் குழாய், வேகமா காய்ஞ்சா நீளவாக்குல பிளக்கும், காய்ஞ்சதும் உள்ள எபாக்ஸி பசை ஊத்தி திருப்பி மாட்டலாம்.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு, அங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் மண்டை ஓடு வச்சிருக்கறதே குற்றம், காட்டுல தானா விழுந்து கிடக்குற கொம்பை எடுத்துட்டு வந்தாலும் கேஸ்தான். கத்துக்கணும்னு ஆசை இருந்தா கறிக்கடையில கொம்போட ஆட்டுத்தலை வாங்குங்க, சென்னை வெயிலுக்கு ஹீட்டர்கூட வேண்டாம், வாளித் தண்ணி தானா சூடா இருக்கும். ஆட்டுக்கொம்பு மான் கொம்பு மாதிரி முழு எலும்பு கிடையாது, நகம் மாதிரி ஒரு உறை வெளிய இருக்கும், ஊறினதும் முறுக்கி இழுத்தா உருவிக்கிட்டு வரும், உள்ள எலும்பை சுத்தம் பண்ணி ரெண்டையும் காய வச்சு திருப்பி சொருகணும்.

கடைசியா மேல பூச்சு. மர வார்னிஷ் அடிக்காதீங்க, அதுவே மஞ்சளாகும். அசிட்டோன்ல கரைச்ச பாராலாய்ட் பி-72ங்கற அக்ரிலிக் பிசின், மியூசியத்துல போடுறது, மெலிசா ஒரு கோட் போதும், முழுசா காய்ஞ்ச பிறகு மட்டும். மாட்டுறப்ப ஃபயர்ப்ளேஸுக்கு நேர் மேல மாட்டாம பக்கத்து சுவர்ல மாட்டுங்க, கொஞ்சநஞ்சம் மிஞ்சி இருக்குற கொழுப்பை சூடு வெளிய இழுத்துடும்.