என்ஏடி 3020 அப்கிரேட் பண்ணினா அந்த வார்ம் சவுண்ட் போயிருமா?

மாமா பஹ்ரைன்ல இருந்து கொண்டு வந்த என்ஏடி 3020 ஆம்ப்ளிபயர் எனக்க கையில இருக்கு. 1978ல வந்த மாடல், பேப்பர்ல வெறும் 20 வாட்ஸ்தான், ஆனா பாட்டு போட்டா அப்படி சொல்ல மாட்டீங்க. வீடு கொளச்சல்ல கடலுக்கு பக்கத்துல, உப்பு காத்து செட்டை என்ன பாடு படுத்தும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், வால்யூம் திருப்பினா கரகரன்னு கேக்கும், லெஃப்ட் சைடு நெனச்சா வரும் இல்லைன்னா வராது. நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடை, கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஓடுற ஆம்ப்ளிபயரா குவிஞ்சு கிடக்கும், அங்கதான் குடுத்தேன்.

எனக்கு ஒரே பயம், புது சாமான் போட்டா அந்த வார்ம் சவுண்டு, கனமா இதமா கேக்கறது, மாறிருமோன்னு.

கடைக்கார அண்ணன் மூடியை திறக்கவே இல்ல, முதல்ல பின்பக்கம் முன்பகுதி சிக்னல் வெளிய வர்ற ப்ரீ அவுட்டுக்கும், அது பவர் பகுதிக்கு போற மெயின் இன்னுக்கும் நடுவுல சொருகியிருக்க வளைஞ்ச கம்பியை உருவி காட்டுனாரு. கறுத்து, பொடி பிடிச்சு போய் கிடந்துச்சு. அதை தேய்ச்சு சொருகுனதும் லெஃப்ட் சைடு வந்துருச்சு, சிரிக்கவா அழவான்னு தெரியல. அப்புறம் வயசானா காஞ்சுபோற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் மாத்துனாரு, பழைய வேல்யூவே, 105 டிகிரி சூடு வரை தாங்குற டைப்பு. வால்யூம் கண்ட்ரோலுக்கு கிளீனர் அடிச்சு, செட்டை கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடானதுக்கு அப்புறம் மல்டிமீட்டர் வச்சு பயாஸ், அதாவது பாட்டு இல்லாதப்பவும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ல ஓடுற சின்ன கரண்ட், செட் பண்ணுனாரு. அவுட்புட் ட்ரான்சிஸ்டரை தொடவே இல்ல, நல்லா இருக்கறத எதுக்கு மாத்தணும்னு கேட்டாரு, அந்த ஒரு வார்த்தைக்கே மார்க் போடலாம்.

இப்போ சவுண்டு கொள்ளாம். ஹம்முன்னு வர்ற இரைச்சல் சுத்தமா இல்ல, மிருதங்கத்துல தொப்பி பக்கம் அடிக்கறது முன்னாடி கொழகொழன்னு கேக்கும், இப்போ அடி விழுந்ததும் நிக்குது. ஹை கொஞ்சம் கூடுன மாதிரி முதல்ல தோணும், அது கூடல, காஞ்சுபோன கெப்பாசிட்டர் இத்தனை நாள் அமுக்கி வச்சிருந்துச்சு. குரல்ல இருக்க அந்த கனம் அப்படியேதான் இருக்கு. வார்ம்னு நாம சொல்றதுல பாதி சர்க்யூட் டிசைன்ல இருந்து வருது, அது போகாது, மீதி பாதி வயசான சாமானோட மந்தம், அது போனா நல்லதுதான். உள்ள இருக்கறத எல்லாம் பிடுங்கிட்டு வேகமா ஆன்-ஆஃப் ஆகி ஓடுற கிளாஸ் டி ஆம்ப்ளிபயர் போர்டு வச்சா மாறத்தான் செய்யும், ஆனா அது அப்கிரேட் இல்ல மக்கா, வேற செட்டு.

குறைன்னா, சொன்ன தேதிக்கு தரமாட்டாரு, பில்லுன்னு கேட்டா துண்டு சீட்டுதான். மொத்தம் நாலாயிரம் கிட்ட ஆச்சு. கழட்டின பழைய சாமானை கேட்டு வாங்கிக்குங்க, கேக்காம தரமாட்டாரு. உள்ள ப்ளூடூத் போர்டு வைக்கணும்னு மட்டும் போயிராதீங்க, திட்டு விழும், பின்பக்கம் ஆக்ஸ் இன்புட்ல வெளிய இருந்து குடுத்தா போதும்.