முதுகுத் தசையைப் பார்க்க இ.எம்.ஜி.யா, அல்ட்ராசவுண்டா?

நாள்பட்ட இடுப்பு வலியோடு வருகிறவர்களுக்குப் பிசியோதெரபி அளிப்பது என் தொழில். கையையும் கண்ணையும் மட்டுமே நம்பிப் பல ஆண்டுகள் வேலை செய்த பிறகு, முதுகுத் தசை உள்ளே என்ன செய்கிறது என்று காட்டும் கருவி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலை. தோலில் எலெக்ட்ரோடுகளை ஒட்டித் தசையின் மின் அலைகளை அளக்கும் மேற்பரப்பு இ.எம்.ஜி. (எலெக்ட்ரோமயோகிராபி) ஒரு பக்கம், தசையைப் படமாகவே காட்டும் அல்ட்ராசவுண்டு மறுபக்கம். இரண்டையும் சில மாதங்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இ.எம்.ஜி.யை எடுத்தேன். இன்று திரும்பக் கேட்டாலும் அதையே எடுப்பேன். ஆனால் அன்று எந்தக் காரணத்துக்காக எடுத்தேனோ அது தவறு என்று பிறகுதான் புரிந்தது.

தசைக்குள் ஊசி செலுத்தி அளக்கும் ஊசி இ.எம்.ஜி.யை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் செய்யும் பரிசோதனை; பாதிப்பின் அடையாளம் தசையில் தெரியவே இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். பாதத்தைத் தூக்க முடியவில்லை, கால் மரத்துப்போகிறது என்று வருபவருக்கு என் மேசையில் இருக்கும் எலெக்ட்ரோடுகள் எந்தப் பதிலும் சொல்லாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால் பிசியோதெரபியைப் பற்றிப் பேசவே நேரமில்லை. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அல்ட்ராசவுண்டின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான பலம். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் தசையை அது நேராகக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1994-இல் அல்ட்ராசவுண்டு கொண்டு பார்த்தபோது, வலி இருக்கும் பக்கத்தில் மல்டிஃபிடஸ் சிறுத்திருந்தது. 1996-இல், முதல் முறை வந்த வலி தானாக அடங்கிய பிறகும் அந்தத் தசை தானாக மீள்வதில்லை என்று காட்டினார்கள். அந்த நோயாளிகளையே தொடர்ந்து கவனித்து 2001-இல் எழுதினார்கள்: குறிப்பிட்ட பயிற்சி பெற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 84 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் வலி திரும்பியிருந்தது. மொத்தம் 39 பேர்தான். ஆனாலும் இந்தத் துறையில் பலரது வேலைமுறையை மாற்றிய எண்கள் இவை. தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடு மல்டிஃபிடஸைச் சரியாகப் பதிவு செய்வதில்லை, பக்கத்தில் இருக்கும் பெரிய தசைகளின் மின் அலைகளையே பதிவு செய்கிறது என்று 2003-இல் மரியா ஸ்டோக்ஸ் குழுவினர் ஊசிக் கம்பிகளோடு ஒப்பிட்டு நிறுவினார்கள். ஆகவே ஆழத் தசைதான் உங்கள் அக்கறை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, அல்ட்ராசவுண்டை வாங்குங்கள்.

எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம், என்னிடம் வருகிறவர்களின் தொல்லை படுத்திருக்கும்போது வருவதில்லை. குனியும்போதும் நிமிரும்போதும் வருகிறது. குப்புறப் படுத்தவரின் முதுகில் ஜெல் தடவி, ஆய்வுக் கருவியை அசையாமல் பிடித்தால் அழகான படம் கிடைக்கிறது. அதே ஆள் எழுந்து குனிந்தால் தோல் நகர்கிறது, கருவி வழுக்குகிறது, படம் கலைகிறது. தசையின் தடிமன் கூடுவதை வைத்து அது எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிப்பதும் மெல்லிய சுருக்கத்தில்தான் ஓரளவு பொருந்தும். கொஞ்சம் பலமாகச் சுருங்கிவிட்டால் அதற்கு மேல் தடிமன் அதிகம் மாறுவதில்லை. விலை, கற்றுக்கொள்ளும் காலம் எல்லாம் அல்ட்ராசவுண்டுக்குக் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கருவியை வாங்க நினைப்பவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இன்று கிடைத்த எண்ணையும் அடுத்த வாரம் கிடைக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா?

முடியும் என்று நம்பித்தான் வாங்கினேன். முதல் சில வாரங்களில் ஒரு பெண்மணிக்கு நிற்கும்போது இடது பக்கத் தசையில் இத்தனை மைக்ரோவோல்ட் என்று குறித்து வைத்தேன். அடுத்த வாரம் அந்த எண் பாதியாக இறங்கியிருந்தது. தசை தளர்ந்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று அவரிடம் சொன்னேன். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். வலி அப்படியே இருப்பதாகச் சொன்னார். எலெக்ட்ரோடுகளைக் கழற்றியபோதுதான் கவனித்தேன், முந்தைய வாரம் தோலில் பேனாவால் போட்ட புள்ளியின் மங்கிய தடம், இப்போது ஒட்டிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. அன்று நான் அளந்தது என் கை தவறிய தூரத்தை. அவர் சொன்னதுதான் சரி.

இடம் மட்டும் அல்ல காரணம். தசை தரும் மின்னழுத்தமே மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் கொழுப்பு அதை இன்னும் மங்கவைக்கிறது. வியர்வை, முடி, சரியாகத் துடைக்காத தோல், காய்ந்துபோன ஜெல், எல்லாம் எண்ணை மாற்றும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கலந்துவிடும். ஐரோப்பியக் கூட்டு முயற்சியான செனியம் இதற்காகவே விதிமுறைகள் வகுத்திருக்கிறது: இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே 20 மில்லிமீட்டர் இடைவெளி, முதுகின் நீளவாட்டில் ஓடும் லாங்கிசிமஸ் தசைக்கு எல்-1 எனப்படும் முதல் இடுப்பு முள்ளெலும்பின் முனையிலிருந்து இரண்டு விரல் அகலம் பக்கவாட்டில். அதை ஒழுங்காகப் பின்பற்றினால் பிழை குறைகிறது. ஆனாலும் ஒழிந்துபோவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் முழுப் பலத்தையும் போடச் சொல்லி அந்த உச்ச அளவை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். இடுப்பு வலிக்காரரிடம் அது நடக்காது. வலிக்குமோ என்ற பயத்தில் அவர் முழுப் பலத்தைப் போடுவதே இல்லை. அந்த நூறு நூறாக இருப்பதில்லை. தசை சோர்வதை அதன் மின் அலைகளின் அதிர்வெண் இறங்குவதை வைத்து அளக்கும் முறைக்கும் இதே கதிதான். உடலின் மேற்பாதியை அந்தரத்தில் நிறுத்திப் பிடிக்கும் சோரன்சன் சோதனையில், தசை சோர்வதற்கு முன்பே பலர் பயந்து இறங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கலிலிருந்து என்னை மீட்டது ஒரு பழைய கண்டுபிடிப்பு. ஆரோக்கியமானவர் நின்ற இடத்திலிருந்து மெல்ல முன்னால் குனிந்தால், முதலில் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் எரெக்டர் ஸ்பைனே தசை உடலின் பாரத்தைத் தாங்கிக் கடுமையாக உழைக்கும். முழுதாகக் குனிந்து தொங்கும் நிலை நெருங்கியதும் பாரத்தை முதுகெலும்பின் தசைநார்களும் இழுபட்ட திசுக்களும் ஏற்றுக்கொள்ளும். தசை ஏறக்குறைய மௌனமாகிவிடும். 1955-இல் ஃப்ளாய்ட், சில்வர் இருவரும் இதை விரிவாக விளக்கினார்கள். குனிதல்-தளர்வு என்று சொல்லலாம். நாள்பட்ட வலி உள்ளவர்களில் பலருக்கு அந்த மௌனம் வருவதில்லை. முழுதாகக் குனிந்த பிறகும் தசை பிடியை விடாமல் உழைத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே எண் என்பது ஒரு விகிதம். குனியும்போது கிடைத்த உச்ச அளவை, குனிந்து தொங்கும்போது இருக்கும் அளவால் வகுக்கிறோம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் அதே எலெக்ட்ரோடு, அதே தோல், அதே நிமிடம். கொழுப்பு மங்கவைத்தால் இரண்டையும் சேர்த்தே மங்கவைக்கும்; வகுக்கும்போது அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அடுத்த வாரம் எலெக்ட்ரோடு கொஞ்சம் நகர்ந்தாலும் விகிதம் மைக்ரோவோல்ட் போலத் தடுமாறுவதில்லை. இடுப்பு வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரித்துக் காட்டுவதில் இந்த அளவீடே முன்னணியில் நின்றதாக 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் சொன்னது. நிற்க வைத்து இடது வலது வேறுபாட்டை வண்ணப் படமாக அச்சிட்டுத் தரும் முறையை நான் கைவிட்டேன். வலியே இல்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருக்கிறது.

செய்யும் விதம் எளிது. நான்கு விநாடி குனிய, நான்கு விநாடி தொங்க, நான்கு விநாடி நிமிர. மூன்று முறை. தொங்கும் நேரத்தில் கோடு தட்டையானாலும் நொடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன முட்கள் எழும்பும். தசை துடிக்கிறது என்று முதலில் பயந்தேன். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடியோடு ஒத்துப்போகிறது. அது இதயத்தின் மின் அலை. இடது பக்கத்தில் கூடுதலாகத் தெரியும். அதை வடிகட்டாமல் விட்டால் விகிதமும் கெட்டுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: வலியால் பாதி தூரம்தான் குனிய முடிகிறவருக்கு மௌனம் வராதது இயல்பு, ஏனென்றால் அவர் அந்த இடத்தை அடையவே இல்லை. குனியும் கோணத்தையும் கூடவே அளக்காமல் இ.எம்.ஜி.யை மட்டும் படிப்பது தவறு.

இதை வைத்துச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்றால், திரையை நோயாளியின் கண்ணெதிரே, தரையில் சாய்த்து வைக்கிறேன். குனிந்த நிலையிலேயே அவர் பார்க்கலாம். மூச்சை விடுங்கள், தலையைத் தொங்கவிடுங்கள், கைகளின் பாரத்தை விட்டுவிடுங்கள். சில நாள் எதுவும் நடக்காது. ஒருவர் நான்காவது முறை வந்தபோது கோடு திடீரென்று சரிந்து தட்டையானது. அவர் குனிந்தபடியே, "இதுவா தளர்வது? இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லையே" என்றார். என் வார்த்தையும் கையும் ஒரு வருடமாக அவருக்குப் புரியவைக்க முடியாததை அந்தக் கோடு புரியவைத்தது. அல்ட்ராசவுண்டு படத்தைக் காட்டியும் சிலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாம்பல் நிறப் பட்டைகளில் எது தசை என்று காட்டுவதற்கே பாதி நேரம் போய்விடும்.

சான்று எவ்வளவு பலமானது என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லா வழிகளின் பட்டியலில் இ.எம்.ஜி. பயோஃபீட்பேக்கையும், அதாவது தசையின் அலையை நோயாளிக்கே காட்டிப் பழக்கும் இந்த முறையையும், சேர்த்திருக்கிறது, ஆனால் அதற்கான சான்று தரம் குறைந்தது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நடை, பலப் பயிற்சி, பயத்தைக் குறைக்கும் பேச்சு ஆகியவற்றோடு சேர்த்தே இதைச் செய்கிறேன். குணமானவர் எதனால் குணமானார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

என் அனுபவம் பெரும்பாலும் நாள்பட்ட வலிக்காரர்களோடுதான். புதிதாகப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு இதை ஓரிரு முறைதான் முயன்றேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். முதுகெலும்பில் திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் குறைவாகவே பார்த்திருக்கிறேன். விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் அல்ட்ராசவுண்டைத்தான் வைத்திருக்கிறார். அவர் தேடுவது ஆழத் தசையின் பருமனை, அவருக்கு அது சரி. முதல் நாளே கோடு மௌனமாகி, ஆனால் வலி இருக்கிறது என்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு நான் இரண்டாம் முறை எலெக்ட்ரோடு ஒட்டுவதில்லை.

மற்றவர்களுக்கும் ஐந்தாறு முறைக்கு மேல் ஒட்டுவதில்லை. கடைசி முறை திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன். அவர் கோட்டைப் பார்க்காமல் குனிகிறார். நான் மட்டும் அது தட்டையாகிறதா என்று பார்க்கிறேன்.