துணிக்கூரையா, உலோகக் கூரையா: எம்எக்ஸ்-5 காரின் இரு வடிவங்கள்

கூரை திறக்கும் கார்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளையே எதிரெதிரே நிறுத்துகிறார்கள். எஞ்சின், எடை, விலை எல்லாம் குறுக்கே வந்துவிடுவதால், கூரை மட்டும் தனியாக நம் புலன்களுக்கு என்ன தருகிறது என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. அதைப் பிரித்தறிய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் நான்காம் தலைமுறை நல்ல வாய்ப்பளிக்கிறது. 2015-இல் விற்பனைக்கு வந்த துணிக்கூரை வண்டியும், 2016-இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான ஆர்எஃப் என்னும் உலோகக் கூரை வண்டியும் அடிப்படையில் ஒரே கார்தான்.

வேறுபாடு கையிலிருந்தே தொடங்குகிறது. துணிக்கூரைக்கு மோட்டார் கிடையாது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் உள்ள ஒற்றைக் கொக்கியை விடுவித்து, இருக்கையை விட்டு எழாமல் ஒரு கையால் பின்னே தள்ளினால், அது மடிந்து தன் இடத்தில் அமர்ந்துவிடும். ஆர்எஃப்பில் பொத்தானை அழுத்திவிட்டு ஏறத்தாழ 13 வினாடிகள் காத்திருக்க வேண்டும்; வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் கூரை அசையாது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது அழகான காட்சி. ஆனால் தூறல் நின்றதும் சட்டென்று கூரையைத் தள்ளி, ஈர மண்ணின் வாசனையை உள்ளே விடுவதில் இருக்கும் சுகம் பொத்தானுக்கு வராது. சன்னலைத் தானே திறப்பவருக்கும் திறந்துவிடச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு இது.

காற்றுதான் இந்த ஒப்பீட்டின் மையம். துணிக்கூரை மடிந்தபின் தலைக்கு மேலும் பின்னும் மறைப்பே இல்லை. முன்கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று பின்னால் சுழன்று திரும்பிப் பிடரியைத் தொடுகிறது; பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வெறும் வருடலாகத்தான் இருக்கும், அருகில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். ஆர்எஃப்பில் தலைக்கு மேலுள்ள பகுதியும் பின்கண்ணாடியும் மட்டுமே உள்ளே போகின்றன. தோள்களுக்குப் பின்னால் இரு பக்கத் தூண்கள் நிமிர்ந்தபடியே நிற்கின்றன. 2006-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் உலோகக் கூரை முழுதாக மறைந்துவிடும்; நீளம் 3,915 மில்லிமீட்டராகக் குறுகிய இந்தத் தலைமுறையில் அதற்கு இடமில்லை என்பதால் செய்துகொண்ட சமரசம் இது. இதனால் ஆர்எஃப்பில் வானம் பெரியதொரு சாளரத்தின் வழியே தெரிவதுபோல் தோன்றும். அதைவிடப் பெரிய குறை, விரைவுச்சாலை வேகத்தில் காற்று அந்தத் தூண்களில் மோதிக் காதருகே இரைவதுதான். மூடியிருக்கும்போது அமைதியான வண்டி, திறந்தபின் மற்றதைவிடச் சத்தமாகிவிடுகிறது!

கூரையை மூடிவிட்டால் நிலை தலைகீழ். துணிக்கூரைக்குள் பக்கத்து லாரியின் டயர் ஓசைகூட வந்துவிடும்; மழை பெய்தால் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் இருப்பதுபோல் ஒலிக்கும். எனக்கு அந்த ஓசை பிடிக்கும். ஆனால் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் அலுவலகம் போய்வருபவரிடம் அதை ரசிக்கச் சொல்வது நியாயமில்லை.

எடையில் ஆர்எஃப் சுமார் 45 கிலோ கூடுதல். ஒரு டன்னை ஒட்டிய காரில் இது பொருட்படுத்தத் தக்கதே, அதுவும் உயரத்தில் சேரும் எடை. குதிரையும் வீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரைத் தன் கொள்கையாகச் சொல்லும் காரில், வளைவுகளில் இடுப்பு உணரும் நெகிழ்வு துணிக்கூரை வண்டியில்தான் தெளிவாக இருக்கிறது. பொருள் வைக்கும் இடத்தில் 130 லிட்டருக்கு 127 லிட்டர் என்பது பேசத் தக்க வேறுபாடே அல்ல.

தோற்றத்தில் ஆர்எஃப்பே முந்துகிறது. கூரையிலிருந்து வால்வரை சரியும் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுவிடாதவர் குறைவு. எனினும் அந்த அழகு நடைபாதையில் நிற்பவருக்குரியது. உள்ளே இருப்பவருக்குக் கிடைப்பது வேறு. குளிர்கால முன்னிரவில் துணிக்கூரையைத் திறந்து, வெப்பக்காற்றைக் காலடிக்குத் திருப்பி, மலைப்பாதையில் மெல்ல ஏறும்போது, முழங்காலில் கதகதப்பும் நெற்றியில் குளிரும் ஒரே நேரத்தில் உறைக்கின்றன. மெர்சிடிஸ் 2004-இல் எஸ்எல்கே காரின் தலைசாய்ப்பிலிருந்து பிடரிக்கு இதமான வெப்பக்காற்றை ஊதும் வசதியைக் கொண்டுவந்தது. எம்எக்ஸ்-5-இன் குறுகிய அறைக்கு அது தேவைப்படவில்லை. இருவரின் தோள்கள் ஏறத்தாழ உரசும் அந்த நெருக்கத்தில் காற்றும் பைன் மர வாசனையும் எஞ்சினின் முனகலும் இருவருக்கும் பொதுவாகிவிடுகின்றன.

தெருவோரம் நிறுத்த வேண்டியவரும் நெடுஞ்சாலையிலேயே வாழ்பவரும் ஆர்எஃப்பை வாங்கலாம். மற்றவர்களுக்குத் துணிக்கூரையையே பரிந்துரைப்பேன். ஆர்எஃப்பின் வடிவில் மனம் பறிகொடுத்தவர்கள் முன்பணம் கட்டுமுன் அதன் கூரையைத் திறந்து, மணிக்கு 100 கிலோமீட்டரில் கால்மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் நகருக்குள்ளேயே ஒரு சுற்று போதும் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.