பழைய சி1 ஸ்லாலம் படகு வாங்கப் போகிறவர்களுக்கு: என் 780 பவுண்டு போன விதம்

"பார்த்துத்தானே வாங்கினீர்கள், இனி மெசேஜ் அனுப்ப வேண்டாம்." பழைய படகை எனக்கு விற்றவரிடமிருந்து இன்று மதியம் வந்த பதில் இது. அதோடு என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். 780 பவுண்டு! இங்கிலாந்தில் பிள்ளைகளை ஸ்லாலம் (வேகமான நீரோட்டத்தில், தொங்கும் கம்பங்களால் ஆன 'கேட்'களைக் கடந்து படகோட்டும் போட்டி) பயிற்சிக்கு அனுப்பும் நம் ஆட்கள் சிலராவது இருப்பீர்கள் என்பதால், கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

மகள் லண்டன் அருகே லீ வேலி என்ற படகுப் பயிற்சி மையத்தில் பயிற்சி எடுக்கிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான சி1 ஸ்லாலம் போட்டி முதன்முதலாக வந்தது, அதில் பிரிட்டனின் மல்லரி பிராங்க்ளின் வெள்ளி வாங்கினார். அந்த ஓட்டத்தின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து இவளுக்கும் மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பு போடும் அந்தப் படகுதான் வேண்டும். கிளப்பில் இருப்பது கனமான பிளாஸ்டிக் படகு. புதிய கார்பன் படகு நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதனால் பழைய விளையாட்டுச் சாமான்களை விற்கும் ஒரு இணையதளத்தில் தேடினேன். பெயர் போடவில்லை, வழக்கு போடப் போகிறேன்.

விளம்பரத்தில் படகு பளபளவென்று இருந்தது. "கார்பன், 9 கிலோ, எடை குறைந்த வீரருக்கு, ரிப்பேர் எதுவும் இல்லை." போன் செய்தேன். நான் சொல்வதற்கு முன்பே அவராக மகளின் எடையைக் கேட்டார். 46 கிலோ என்றதும், "அப்படியென்றால் இது அவளுக்கே செய்த படகு. என் மகளும் அந்த எடையில்தான் ஓட்டினாள், இப்போது வளர்ந்துவிட்டாள்" என்றார். சிவப்பு கேட்டில் படகின் வால் எப்படி அமுங்கும், எப்படித் திருப்ப வேண்டும் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினார். விஷயம் தெரிந்தவர், தானும் ஒரு அப்பா. சந்தேகம் எங்கிருந்து வரும்?

ஒரு மோட்டார்வே சர்வீஸ் கார் பார்க்கிங்கில் சந்தித்தோம். இருட்டு, மழை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தளம் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 40 குறைக்கிறேன் என்றார். 820, 780 ஆனது. அங்கேயே போனில் அனுப்பினேன். உறையோடு படகைத் தூக்கி என் கார் மேல் வைத்துக் கட்டியதும் அவர்தான். அந்த உறையை ஏன் கழற்றவே விடவில்லை என்பது இப்போது புரிகிறது.

கிளப்பில் பயிற்சியாளர் படகின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பழுத்த மாம்பழம் மாதிரி உள்ளே போனது. கார்பன் அடுக்குகளும் நடுவிலிருக்கும் ஃபோமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன. அதன் மேல் வெள்ளை பெயிண்ட். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் மண்டியிடும் இடத்துக்குப் பின்னால் ஒட்டு மேல் ஒட்டு. தராசில் 12 கிலோவுக்கு மேல். போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடையே 8 கிலோதான், நல்ல படகுகள் அதை ஒட்டித்தான் இருக்கும். இதில் ஒட்டுப் போட்ட ரெசின் பசையும் ஊறிய தண்ணீருமே மூன்று கிலோ இருக்கும்.

அதைவிட மோசம், இது சி1 படகே இல்லை. உட்கார்ந்து ஓட்டும் கே1 படகு ஒன்றின் இருக்கையைப் பிடுங்கிவிட்டு ஃபோம் கட்டையை ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் 75 கிலோ ஆளுக்கான அளவு. கே1, சி1 இரண்டுமே குறைந்தது 3.5 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அதனால் படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் படகின் கொள்ளளவில் இருக்கிறது. எதிர் நீரோட்டத்தில் ஏற வேண்டிய சிவப்பு கேட்டில் வாலைத் தண்ணீருக்குள் அமுக்கிச் சுழற்றுவார்கள். 46 கிலோ பெண் என்ன சாய்ந்தாலும் இந்த வால் அமுங்காது. சுற்றிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். கம்பத்தைத் தொட்டாலே 2 வினாடி, கேட்டைத் தவறவிட்டால் 50 வினாடி தண்டனை நேரம். இதை வைத்து என்ன போட்டி?

அந்த ஆளிடம் சொன்னேன். முதலில், "இன்னும் பின்னால் சாயச் சொல்லுங்கள்." அப்புறம், "வளர்ந்தால் சரியாகிவிடும்." அவளுக்கென்றே செய்த படகு என்று சொன்ன அதே வாய்! ஒட்டுகளின் படத்தை அனுப்பியதும், உங்கள் காரில் போகும்போது அடிபட்டிருக்கும் என்றார். பெயிண்டுக்கு அடியிலா அடிபட்டது?

தளத்தில் புகார் கொடுத்தால் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்", பணம் எங்கள் வழியாக வராததால் ஒன்றும் செய்ய முடியாது, புகார் முடிக்கப்பட்டது. வங்கியோ, பொருள் கைக்கு வந்துவிட்டதே, இது உங்கள் இருவருக்குள் உள்ள தகராறு என்கிறது. 780 பவுண்டுக்கு ஆளாளுக்கு ஒரு கதவைக் காட்டுகிறார்கள். அந்த ஆள் இப்போது இன்னொரு படகை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதே வெள்ளை பெயிண்ட், "மகள் வளர்ந்துவிட்டாள்" என்ற அதே வரி.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. பகலில் பாருங்கள், உறையைக் கழற்றுங்கள். தராசு கொண்டு போங்கள். அடிப்பாகம் முழுக்க விரலால் தட்டுங்கள், சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் அழுத்துங்கள். உள்ளே டார்ச் அடியுங்கள். எந்த எடைக்கான அளவு என்பதை விற்கிறவரிடம் கேட்காதீர்கள், மாடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். முடிந்தால் கிளப் பயிற்சியாளரைக் கூட்டிப் போங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

தனி ஆள் விற்றாலும் விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். விளம்பரத்தையும் மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், சிறு தொகை வழக்குக்கான படிவம் திறந்து கிடக்கிறது. இதே மாதிரி வழக்கு போட்டுப் பணம் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.