கணவன் மனைவி வகுப்புக்கு 6 வாரம் போய் வந்தோம்

எங்கள் பள்ளிவாசலில் கணவன் மனைவி உரிமைகள் பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஞாயிறுதோறும் அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்து மஃரிப் (சூரியன் மறையும் நேரத் தொழுகை) பாங்கு சொல்லும் வரை, மொத்தம் 6 வாரம். ஓர் ஆலிமும் (மார்க்க அறிஞர்) அவருடைய மனைவியும் சேர்ந்து பாடம் எடுத்தார்கள். மனைவியும் மார்க்கம் படித்த ஆலிமாதான். எனக்குத் திருமணமாகி 14 வருடம் ஆகிறது, மூன்று பிள்ளைகள். இனிமேல் போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தயங்கினேன். பெயர் கொடுத்தது என் மனைவி. "நீங்களும் வந்தாதான் போவேன்" என்றாள். சரி என்று கிளம்பினேன்.

வழக்கமான பயான் (மார்க்கச் சொற்பொழிவு) மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். 'உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே' என்ற ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி என்ற தொகுப்பில் இருப்பது எனக்குத் தெரியும். எத்தனையோ நிகாஹ் சபைகளில் கேட்டிருக்கிறேன், நானே மேடையேறிச் சொல்லியும் இருக்கிறேன். முதல் நாள் ஆலிம் அதே ஹதீஸை ஓதிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஹதீஸ்படி நீங்கள் நல்லவரா இல்லையா என்று சொல்லக்கூடியவர் யார்? தொழுகையில் உங்கள் பக்கத்தில் நிற்பவரா? உங்கள் கூட்டாளியா?" ஆண்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மனைவியிடம் அப்படி யாராவது கேட்டால் என்ன சொல்லுவாள் என்று அன்று இரவு தூக்கம் வரும் வரை யோசித்தேன்.

இரண்டாவது வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் தட்டு உடைந்த சம்பவத்தை எடுத்துக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு மனைவியின் வீட்டில் இருக்கும்போது இன்னொரு மனைவி ஒரு தட்டில் உணவு கொடுத்தனுப்புகிறார். வீட்டிலிருந்த மனைவி, கொண்டுவந்த பணியாளரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைகிறது. நபியவர்கள் உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து, சிந்திய உணவையும் எடுத்து வைத்து, "உங்கள் தாயாருக்கு ரோஷம் வந்துவிட்டது" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார்கள் (நபியவர்களின் மனைவியரை முஸ்லிம்கள் தாயாகக் கருதுவார்கள்). பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு நல்ல தட்டை வாங்கி, தட்டைப் பறிகொடுத்தவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்தது, உடைத்த வீட்டிலேயே தங்கியது.

இந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நபியவர்களின் பொறுமைக்கு உதாரணம் என்று ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இங்கே ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தினார்கள். குனிந்தது யார்? வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? அந்த வார்த்தை மனைவியைப் பிறர் முன்னால் இறக்கியதா, அவர் நிலைமையைப் புரியவைத்ததா? அடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம் மறக்கப்பட்டதா? ஆலிமா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொன்னார்: "சத்தம் போடாமலும் நியாயம் செய்ய முடியும் என்பதற்கு இதுதான் பாடம்." சத்தம் போட்டால்தான் தவறு திருந்தும் என்று நம்பி வந்தவன் நான். அதனால் அது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

அன்று ஆண்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். வீட்டில் ஏதாவது தவறினால் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், ஒரு வாரத்துக்கு. என் தாளில் முதல் நான்கு நாளில் ஏழு வரிகள் விழுந்தன. 'எத்தனை தடவை சொல்றது?' 'இதுகூடத் தெரியாதா?' 'கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?' ஏழில் ஆறு கேள்விகள். பதில் எதிர்பார்த்துக் கேட்டது ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள் சமையலறையில் கண்ணாடி பாட்டில் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டுப் போனேன். நான் வாசற்படியில் கால் வைப்பதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். "கை ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு, இப்பவே கூட்டிடறேன், மூடி லூஸா இருந்தது, அதான்..." நான் எதுவுமே சொல்லவில்லை. சொல்லாத வார்த்தைக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. மேலதிகாரி முன்னால் விளக்கம் சொல்லும் ஊழியரின் அவசரம் அது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"செருப்பு போட்டுக்க, காலைக் கிழிச்சிடும்" என்றேன். அப்புறம் குனிந்து பொறுக்கினேன். அடுப்பு மேடைக்கு அடியில் போன சில்லுகளுக்கு அவள் போன் வெளிச்சம் பிடித்தாள். பாதி பொறுக்கி முடிக்கும் வரை அவள் விளக்கம் சொல்வது நிற்கவில்லை. பிறகுதான் மெல்ல நின்றது.

சனிக்கிழமை இரவு அந்தத் தாளை அவளிடம் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இது செவ்வாய்க்கிழமை இல்ல, திங்கட்கிழமை" என்று சொல்லி, பேனா வாங்கித் திருத்தினாள். சொன்னவன் நான், எனக்கே எந்த நாள் என்று நினைவில்லை. அவள் மறக்கவில்லை.

மூன்றாவது வாரம் மஹரும் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை) பணமும். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுங்கள் என்கிறது குர்ஆன் (4:4). பிறகு தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்த மஹர் கணவன் மேல் இருக்கும் கடன் என்பதையும், மனைவியின் சொத்தும் சம்பாத்தியமும் அவளுக்கே சொந்தம், குடும்பச் செலவு கணவன் பொறுப்பு என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். இந்தப் பாடம் சுருக்கமாக, நன்றாக இருந்தது. பாக்கி வைத்திருந்த ஒரு சகோதரர் மறுவாரமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நான்காவது வாரம் மனைவியிடம் ஆலோசனை கேட்பது பற்றி. 628இல் மக்காவாசிகளோடு ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்ததும், பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் மனவேதனையில் இருந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் போய்ச் சொன்னபோது, "யாரிடமும் எதுவும் பேசாமல் நீங்களே முதலில் செய்யுங்கள்" என்றார்கள். நபியவர்கள் அப்படியே செய்ய, தோழர்களும் எழுந்து செய்தார்கள். ஒரு சமூகமே திகைத்து நின்ற நேரத்தில் வழி சொன்னது மனைவி. நான் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றியபோது முடிவெடுத்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன்.

இனி குறைகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வகுப்புக்கு நான் நல்லது செய்தவனாக மாட்டேன்.

முதல் இரண்டு வாரமும் பெண்கள் பகுதியில் ஒலிபெருக்கி சரியாகக் கேட்கவில்லை. பாதி வார்த்தைதான் வந்தது என்று என் மனைவி வீடு திரும்பும்போது சொன்னாள். பெண்கள் எழுதி அனுப்பிய கேள்விச் சீட்டுகளைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எடுத்தார்கள், பாங்கு சொல்லிவிட்டதால் பாதி படிக்கப்படவே இல்லை. பெண்களை மதிப்பது பற்றிய வகுப்பில் இது சின்ன விஷயம் கிடையாது. மூன்றாவது வாரம் முறையிட்டோம். சீட்டுகளை முதலில் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் வகுப்பே சூடுபிடித்தது. ஒரு சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: "நான் பேசி முடிக்கும் வரை அவர் கேட்டால் போதும்."

இரண்டாவது குறை பெரியது. ஐந்தாவது வாரம் குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தை எடுத்தார்கள். அடிக்கலாம் என்று மார்க்கமே சொல்லியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். ஆலிம் கோபப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் போரிட்டதைத் தவிர யாரையும், ஒரு பெண்ணையோ பணியாளரையோகூட, தம் கையால் அடித்ததே இல்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்ன ஹதீஸை, முஸ்லிம் என்ற தொகுப்பிலிருந்து வாசித்தார். அடிமையை அடிப்பது போல மனைவியை அடித்துவிட்டு அன்றைய நாளின் முடிவில் அவளுடனேயே படுப்பதா என்று நபியவர்கள் கண்டித்த புகாரி ஹதீஸையும் வாசித்தார். "இந்த வசனம் யாருக்கு அருளப்பட்டதோ அவர் கை ஓங்கியதில்லை. நீ யாரைப் பின்பற்றுகிறாய்?" என்று கேட்டார். கேட்டவர் தலை குனிந்தார். நல்ல பதில்தான். ஆனால் மொத்தமே 20 நிமிடம். இதற்கு ஒரு வாரம் முழுவதும் கொடுத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, இப்போதே அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டு வந்தது. தனியாக வந்து பாருங்கள் என்றார்கள். எல்லோர் முன்னாலும் எப்படித் தனியாகப் போய்ப் பார்ப்பாள்? கணவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறானே! முதலில் உயிரும் உடம்பும் பாதுகாப்பாக இருக்க வேண்டும், ஸபர் (பொறுமை) செய் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது, காவல் உதவி எண் எது, யாரிடம் பேசலாம், குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துப் பெண்கள் பகுதியில் வைத்திருக்கலாம். நபித்தோழர் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிந்து போக விரும்பி நபியவர்களிடம் வந்தபோது, மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பிரித்து வைத்தார்கள். அந்த ஹதீஸ் 6 வாரத்தில் ஒருமுறைகூட வரவில்லை. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கணவனின் பெற்றோரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் வேண்டும். நிறையப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், போங்கள் என்றுதான் சொல்வேன். புதிதாக நிகாஹ் முடித்தவர்களைவிட, பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்துகொள்ளாதீர்கள். அவள் வந்து உங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. அந்த வாரத் தாளை நேர்மையாக எழுதுங்கள், எழுதியதை அவளிடம் காட்டுங்கள்.

அடுத்த சுற்று விரைவில் தொடங்குகிறது. ஒவ்வொரு வாரமும் வகுப்புக்கு முன் ஒலிபெருக்கியைச் சோதிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். என் மனைவி திரைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். கேட்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் பாடம் தொடங்கும்.