கேபிளும் லேண்ட்லைனும் இல்லாமல் 14 மாதங்கள்: வீட்டுக்கு இணையம் மட்டும் போதுமா?

எங்கள் வீட்டிலிருந்து நெடுங்காலமாக மூன்று சேவைகளுக்குக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. கேபிள் தொலைக்காட்சிக்கு ஒரு நிறுவனம். தரைவழித் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இன்னொரு நிறுவனம். கேபிளையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டு, 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேக ஃபைபர் இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. வீட்டில் நான்கு பேர்: நானும் என் மனைவியும், கல்லூரியில் படிக்கும் மகளும், 76 வயதான என் அம்மாவும். நால்வரின் பயன்பாடும் நான்கு விதம் என்பதால், இந்த ஏற்பாடு எல்லாப் பக்கமும் சோதிக்கப்பட்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

இப்படி மாற யோசிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: மாதம் எவ்வளவு மிச்சமாகும், எவ்வளவு வேகம் வாங்க வேண்டும். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்று வேலைகளையும் ஒரே கம்பியின் மேல் ஏற்றிய பிறகு, அந்தக் கம்பி எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் தடங்கலின்றித் தருகிறது என்பதே வீட்டின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. படம் பார்ப்பது, அம்மா பேசுவது, மகளின் வகுப்பு, எங்கள் அலுவலக வேலை ஆகிய எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோகும் வாய்ப்பு முன்பு இல்லை, இப்போது இருக்கிறது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்குப் பரிந்துரைப்பது 1080பி (முழு எச்டி) படத் தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடக் கூர்மையான 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ். இரண்டு அறைகளில் 4கே படம் ஓட, மூன்றாவது அறையில் காணொளி வகுப்பு நடந்தாலும் 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எங்களிடம் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுமாறு மூன்று முறை வற்புறுத்தினார்கள்; 14 மாதங்களில் ஒரு நாளும் அதற்குத் தேவை ஏற்படவில்லை. வேகத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது திட்டத்தின் மாதாந்தர டேட்டா வரம்பு. 1080பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜிபி வரை செலவாகும். 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். கேபிளில் தொலைக்காட்சி பகல் முழுவதும் ஓடினாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் இணையவழியில் தினமும் ஆறு மணி நேரம் 1080பி ஓடினால் மாதத்தில் அது மட்டுமே 540 ஜிபி ஆகிவிடும். வரம்பைத் தாண்டியதும் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கும் திட்டத்தை எடுத்துவிட்டுக் கேபிளைத் துண்டித்தால், மாதக் கடைசியில் தொலைக்காட்சியே இல்லாத வீடாகிவிடும்.

தொலைபேசியை விடுவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு ஒரு பெருங்குணம் உண்டு. தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே கம்பி வழியாக வீட்டுக் கருவிக்கு வந்துவிடும். ஆகவே வீட்டில் மின்சாரம் போனாலும், கருவியைச் சுவரில் செருகியிருக்கும் வரை மணி அடிக்கும், பேச முடியும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி வருமே தவிர மின்சாரம் வராது. சுவரிலுள்ள ஃபைபர் மோடம், ரவுட்டர், பழைய தொலைபேசியை ரவுட்டரோடு இணைக்கும் அடாப்டர் ஆகிய மூன்றுக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். மூன்றில் ஒன்று அணைந்தாலும் தொலைபேசி ஊமையாகிவிடும். அம்மா போன்ற ஒருவர் பகலில் தனியாக இருக்கும் வீட்டில் இதை அலட்சியமாக விடமுடியாது.

பல வருடங்களாக உறவினர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது. அதை இழக்க அம்மா சம்மதிக்கவில்லை, நானும் விரும்பவில்லை. எனவே அந்த எண்ணை இணையவழித் தொலைபேசிச் சேவை ஒன்றுக்கு மாற்றிக்கொண்டோம். இதில் வரிசை மிக முக்கியம். முதலில் எண்ணை மாற்ற விண்ணப்பித்து, புதிய சேவையில் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்து சேர்வதை உறுதிசெய்த பிறகே பழைய இணைப்பை ரத்துசெய்ய வேண்டும். முதலில் ரத்துசெய்துவிட்டால் எண் நிறுவனத்தின் பொதுத் தொகுப்புக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு மாற்றிக்கொள்ள எதுவும் மீதம் இருக்காது.

இந்த வரிசையைச் சரியாகப் பின்பற்றியும் எங்களுக்கு ஒரு பெரிய இடர் வந்தது. எங்கள் இணையக் கணக்கு, செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்திலேயே தொலைபேசி எண்ணின் பேரில் திறக்கப்பட்டது. பின்னர் ஃபைபருக்கு மாறியபோதும் கணக்கு மட்டும் அந்த எண்ணிலேயே தங்கிவிட்டது. எண் வேறு சேவைக்குப் போன மறுநாள் காலை, கணக்கே முடிந்துவிட்டதாக அவர்களின் கணினி எடுத்துக்கொண்டு இணையத்தையும் துண்டித்துவிட்டது. திரும்பப் பெற மூன்று நாட்கள் ஆயின. ஒவ்வொரு முறை அழைத்தபோதும் வேறொரு ஊழியர் எடுத்தார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மகளுக்கு அந்த வாரம் தேர்வு. மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்துச் சமாளித்தோம் என்றாலும், தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல் அது. இப்படி மாறப்போகிறவர்கள், தொலைபேசியைத் தொடுவதற்கு முன்பே, இணையத்துக்குத் தனிக் கணக்கு எண் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்துவடிவில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

இணையவழித் தொலைபேசியின் குரல்தரம் பற்றி எனக்குக் குறையில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. புதிய சேவையிலும் அம்மாவின் பழைய கருவியில் ஏறத்தாழ அதே குரல்தான் கேட்கிறது. ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கேபிபிஎஸ் (விநாடிக்கு 90 கிலோபிட்) அளவே போதும், அதாவது ஒரு படத்துக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கு. ஆனாலும் முதல் மாதத்தில், மகள் தன் காணொளிப் பாடவேலையைப் பதிவேற்றும் போதெல்லாம் அம்மாவின் பேச்சு துண்டு துண்டாக உடைந்தது. வேகம் போதவில்லை என்றே நானும் நினைத்தேன். சோதித்துப் பார்த்ததில், சாதாரண நேரத்தில் 8 மில்லிவிநாடியாக இருந்த தாமதம், பதிவேற்றம் நடக்கும்போது 400 மில்லிவிநாடியைத் தாண்டியது தெரிந்தது. குரல் ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பதிவேற்றத்தின் பெரிய கோப்பு ரவுட்டரின் வரிசையை அடைத்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் குரலின் சிறு துணுக்குகள் காத்துக் கிடந்தன. ரவுட்டரில், குரல் போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் கியூஓஎஸ் என்ற அமைப்பை இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதத்தோடு நிறுத்தியதும் தாமதம் 30 மில்லிவிநாடிக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு நான் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குத் தாவியிருந்தால் வீணாக மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

தொலைக்காட்சிப் பக்கத்தில் இழப்பு ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கேபிளில் எல்லா அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் எல்லா வீடுகளுக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. செட் டாப் பாக்ஸ் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டுகிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அதன் சுமை கூடுவதில்லை. இணையவழி நேரலை அப்படி இல்லை. ஒளிபரப்பைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புகிறார்கள். நம் கருவி சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் விளையாட்டு நேரலை அரை நிமிடத்துக்குக் குறையாமல் பின்தங்கியே வருகிறது. கேபிள் வைத்திருக்கும் அண்டை வீட்டிலிருந்து ஆரவாரம் எழுந்த பிறகே எங்கள் திரையில் அந்தக் கோல் விழுகிறது. என் மனைவிக்கு விளையாட்டில் ஆர்வம் அதிகம். 14 மாதங்களுக்குப் பிறகும் இது அவருக்கு வருத்தமாகவே இருக்கிறது. விளையாட்டுக்காக மட்டும் கேபிள் வைத்திருப்பவர்கள் விட்டுவிடாமல் இருப்பதே நல்லது.

அம்மாவின் சிரமம் வேறு வகை. கேபிளில் அவர் ஓர் எண்ணை அழுத்தினால் ஓர் அலைவரிசை வரும். எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் இல்லை. ஓடிடியில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு முகப்பு, ஒரு கடவுச்சொல், ஒரு தேடுபெட்டி. “போட்டா வரணும்ப்பா, நான் எதைன்னு தேடுறது?” என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார். கேள்வி முற்றிலும் நியாயமானது. இலவச நேரலை அலைவரிசைகள் கொண்ட ஒரு செயலியை, தொலைக்காட்சியைப் போட்டவுடன் தானாகத் திறக்கும்படி அமைத்துக் கொடுத்த பிறகே அவருக்குப் பழக்கம் வந்தது. அந்த வசதி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் இல்லை என்பதால், கேபிளை நிறுத்துவதற்கு முன்பே உங்கள் கருவியில் அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்திடம் நாம் வாங்கும் வேகம் சுவரிலுள்ள மோடம் வரைதான் வரும். அங்கிருந்து படுக்கையறைக்குப் போவது நம் பொறுப்பு. ரவுட்டரை நுழைவாயில் அருகே ஓர் அலமாரிக்குள் வைத்திருந்தோம். தொலைக்காட்சி இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தது. வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே உள்ளன, அண்டை வீடுகளும் அதே மூன்றைத்தான் பயன்படுத்துகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகிறது. ரவுட்டரைக் கூடத்தின் நடுவே உயரமாக வைத்தோம். தொலைக்காட்சிக்கும் தொலைபேசி அடாப்டருக்கும் ஈதர்நெட் கம்பி இழுத்தோம். அதன் பிறகு படம் நின்று சுழல்வது அநேகமாக இல்லாமலே போயிற்று. இடத்தைவிட்டு நகராத கருவிக்குக் கம்பியே சிறந்தது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மின்வெட்டுக்காக 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கினோம். மோடம், ரவுட்டர், அடாப்டர் மூன்றும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுக்கின்றன; 60 வாட்-மணி கொண்ட மின்கலம் கணக்குப்படி நான்கு மணி நேரம் தாங்க வேண்டும், எங்களுக்கு மூன்றரை மணி நேரம் தாங்குகிறது. வாங்கியதும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாமல், ஒருநாள் மாலை வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அம்மாவின் எண்ணுக்கு நானே மொபைலிலிருந்து அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது, அம்மா எடுத்தார். அன்றுதான் பழைய செம்பு இணைப்பை விட்ட கவலை எனக்கு ஓரளவு தீர்ந்தது. ஆனால் வீதியில் ஃபைபரே அறுந்துபோனால் யுபிஎஸ் உதவாது. 14 மாதங்களில் அப்படி இரண்டு முறை நடந்தது, ஒருமுறை ஏழு மணி நேரம். அதற்காக அம்மாவின் படுக்கை அருகே எப்போதும் சார்ஜில் ஒரு எளிய பொத்தான் மொபைல் வைத்திருக்கிறோம். அதன் எண் வேறு நிறுவனத்தினுடையது.

தொலைபேசிக் கம்பியை நம்பி இயங்கும் அபாய அறிவிப்புக் கருவியோ, முதியோர் அணியும் அவசர அழைப்புப் பொத்தானோ வீட்டில் இருந்தால், அதை விற்றவரிடம் கேட்டு, இணையவழித் தொலைபேசியில் இயக்கிப் பார்த்து உறுதியாகும் வரை பழைய இணைப்பைத் துண்டிக்கவே கூடாது. அவசர உதவி எண்ணை அழைக்கும்போது எந்த முகவரி அவர்களுக்குக் காட்டப்படும் என்பதையும் புதிய சேவையில் பதிந்துவைக்க வேண்டும். எங்கள் சேவையின் அமைப்பில் அதற்கென ஒரு பக்கம் இருந்தும், யாரும் சுட்டிக்காட்டாததால் இரண்டு வாரம் காலியாகவே கிடந்தது.

கேபிளை நிறுத்தும்போது செட் டாப் பாக்ஸையும் ரிமோட்டையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெட்டியின் வரிசை எண் எழுதிய ரசீதை வாங்கி வந்தேன். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பெட்டி வாடகை கேட்டுக் கட்டணச் சீட்டு வந்தது. ரசீதைப் படமெடுத்து அனுப்பிய பிறகே இரண்டையும் ரத்துசெய்தார்கள். அந்த ரசீதை இன்னும் ரவுட்டர் வாங்கிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.